எழுந்திருக்க முடிகிற இருக்கை

சென்னையில் நான் தினமும் பஸ் ஏறும் நிறுத்தத்தில் நிழற்குடை இருக்கிறது. பளபளக்கும் ஸ்டீல் தூண்கள், மேலே வளைந்த தகரக் கூரை, பின்னாலும் பக்கவாட்டிலும் விளம்பரப் பலகைகள். உட்காருவதற்கு இரண்டு குழாய்கள். பலகை கிடையாது, சாய்மானம் கிடையாது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. ரோட்டைப் பார்த்து லேசாகச் சரிந்த இரண்டு எவர்சில்வர் குழாய்கள், அவ்வளவுதான்.

போன சித்திரையில் ஒரு நாள். மதியம் பன்னிரண்டரை மணி. கீரை விற்று முடித்த ஓர் அம்மா காலிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தக் குழாயில் உட்காரப் போனார். வயது எழுபதை ஒட்டியிருக்கும். உட்கார்ந்த வேகத்தில் "யம்மா" என்று எழுந்துவிட்டார். புடவையைத் தாண்டிச் சுட்டிருக்கிறது. கூடைக்குள் இருந்த ஈரச் சாக்கை எடுத்தார், நான்காக மடித்தார், குழாயின்மேல் போட்டு அதில் உட்கார்ந்தார். குழாய் சரிவாக இருப்பதால் இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. காலைத் தளர்த்தினால் வழுக்கும்.

இருபது நிமிடம் கழித்து பஸ் வந்தது. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கை வைத்து அழுத்த ஒரு இடம் இல்லை. பக்கத்தில் நின்ற என் முழங்கையைப் பிடித்தார். "இழுத்துடாத கண்ணு, மெதுவா நானே எந்திரிச்சிடுவேன்" என்றார். எழுந்தார். குனிந்து கூடையை எடுத்து இடுப்பில் வைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. மறுபடியும் அந்தச் சாக்கைக் குழாயின்மேல் போட்டார்.

அன்றிலிருந்து என் பையில் ஒரு இஞ்ச் டேப் இருக்கிறது. பஸ் நிறுத்தம், பூங்கா, ஆஸ்பத்திரி வாசல், கடற்கரை என்று எங்கே பொது இருக்கை கண்ணில் பட்டாலும் அளந்து பார்க்கிறேன். அளப்பதைப் பார்த்ததும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "சார், நல்ல பெஞ்சு போடப் போறீங்களா?" என்று ஆசையோடு கேட்டுவிடுகிறார். இல்லை என்று சொல்வது ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கிறது.

எழும்போது உடம்பு என்ன செய்கிறது?

உட்காருவதற்குப் பெரிய பலம் வேண்டாம். எழுவதற்குத்தான் வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது ஒருமுறை உங்களையே கவனித்துப் பாருங்கள். முதலில் இரண்டு பாதமும் முழங்காலுக்குப் பின்னால் போகும். பிறகு மார்பு முன்னால் சாயும், மூக்கு கால்விரலுக்கு நேராக வரும். அதன் பிறகுதான் தொடை உடம்பைத் தூக்கும். முப்பது வயதில் இது கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகிறது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மூன்றும் தனித்தனி வேலை. நடுவில் ஒன்று தடைபட்டாலும் பொத்தென்று திரும்ப உட்கார வேண்டியதுதான்.

இதிலிருந்தே ஒரு நல்ல பெஞ்சுக்கு என்னென்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். குதிகால் பின்னால் போவதற்கு அடியில் இடம் வேண்டும். நம் பூங்காக்களில் செங்கல்லை அடுக்கி, சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டிய மேடைகள் நிறைய உண்டு. முன்பக்கம் நேராகச் சுவர் மாதிரி இறங்கும். காலைப் பின்னால் இழுக்க முடியாது. வயதானவர்கள் அதில் விளிம்புவரை நகர்ந்து நகர்ந்து வந்து, பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்து எழுவதைப் பார்க்கலாம். மேல் கல்லை ஒரு சாண் முன்னால் நீட்டிப் போட்டிருந்தால் இந்தப் பாடு இருக்காது. செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது உயரம். அமெரிக்காவில் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தை ஒட்டிய வடிவமைப்பு விதிகள் பெஞ்சின் உயரத்தை 17 முதல் 19 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கின்றன. அதாவது ஏறக்குறைய 43 முதல் 48 சென்டிமீட்டர். தாழ்வாக இருந்தால் எழுவதற்கு முழங்கால் படும் பாடு அதிகம். ஆனால் அந்த 48 சென்டிமீட்டரை அப்படியே கொண்டுவந்து இங்கே நட்டுவிட முடியாது. ஐந்தடிக்குக் குறைவான நம் அம்மாக்கள், பாட்டிகள் அதில் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடாது. கால் தொங்கும், தொடையின் அடிப்பாகம் விளிம்பில் அழுந்தும், பத்து நிமிடத்தில் மரத்துப்போகும். மரத்துப்போன காலோடு பஸ்ஸைப் பிடிக்க அவசரமாக எழுந்தால் விழ வேண்டியதுதான். இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே வெளியிட்டுவிட்டது. அளவு தெரியாமல் யாரும் தவறு செய்யவில்லை. என் கருத்தில், ஒரே நிறுத்தத்தில் 42 சென்டிமீட்டரில் ஒரு பெஞ்சும் 47-ல் ஒரு பெஞ்சும் போட்டாலே போதும். எது தனக்குச் சரி என்பதை உடம்பு தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

உயரத்தில் இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. பெஞ்சு போட்ட வருஷம் அளவு சரியாகத்தான் இருக்கும். பிறகு நடைபாதையில் பழைய கல்லைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதுக் கல் பதிப்பார்கள். தரை உயரும், பெஞ்சு அங்கேயே இருக்கும். நான் அளந்ததில் ஒரு பெஞ்சு 33 சென்டிமீட்டர்தான் இருந்தது. குழந்தைகள் மட்டும் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

கைப்பிடி என்ற சிக்கல்

எழுவதற்குக் கைப்பிடி மாதிரி உதவி வேறொன்றும் இல்லை. பெஞ்சின் முன் விளிம்புவரை அது நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளங்கையை வைத்து அழுத்த முடியும். ஆனால் இதே கைப்பிடியை உலகம் முழுக்க வேறொரு காரியத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். பெஞ்சின் நடுநடுவே வைத்துவிட்டால் யாரும் படுக்க முடியாது. லண்டனில் கேம்டன் பகுதி நிர்வாகத்துக்காக 2012-ல் ஒரு கான்கிரீட் பெஞ்சு உருவாக்கப்பட்டது. யாரும் படுக்க முடியாதபடி, ஸ்கேட்போர்டு ஓட்ட முடியாதபடி, இடுக்கில் எதையும் ஒளித்துவைக்க முடியாதபடி, கோணல்மாணலாகச் செதுக்கிய ஒரு பெரிய கல் மாதிரி இருக்கும். வேண்டாத காரியங்களை எல்லாம் அது வெற்றிகரமாகத் தடுத்தது. நீண்ட நேரம் வசதியாக உட்காருவதையும் சேர்த்துத்தான்.

நம் நிழற்குடையின் சரிவுக் குழாயும் அதே யோசனையின் குழந்தை. ராத்திரி யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பகல் முழுக்க ஆயிரம் பேரை வழுக்கவிடுகிறோம். வீடில்லாத ஒருவர் குழாய் இருப்பதால் வீட்டுக்குப் போய்விடுவதில்லை, பத்தடி தள்ளித் தரையில் படுக்கிறார். தெருவில் படுப்பவருக்கு இரவு நேரக் காப்பகம்தான் பதில். அந்த வேலையை ஒரு குழாயிடம் ஒப்படைக்க முடியாது. பல கடைகளின் வாசல் படியில் கூர்க்கம்பிகளைப் பதித்து வைத்திருப்பதையும் பார்க்கிறோம். ஒரு பிள்ளை தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இதில் நான் நினைக்காத ஒரு பக்கத்தையும் பெண்கள் எடுத்துச் சொன்னார்கள். என்னுடன் வேலை செய்யும் ஒரு தோழிக்கு நடுக் கைப்பிடி பிடிக்கும். "அது இருந்தா பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டு உக்கார முடியாதுல்ல" என்றார். ஆக, ஒரே இரும்புத் துண்டு பாட்டிக்கு உதவி, வீடில்லாதவருக்குத் தடை, தனியாகக் காத்திருக்கும் பெண்ணுக்கு வேலி. ஒரே மாதிரி பெஞ்சை ஊர் முழுக்க ஒரே டெண்டரில் போடுவதால்தான் யாருக்காவது ஒருவருக்கு அது உதவாமல் போகிறது. கைப்பிடி வைத்த தனி இருக்கைகள் இரண்டு, பக்கத்திலேயே இரு முனையில் மட்டும் கைப்பிடி உள்ள நீளப் பெஞ்சு ஒன்று, அதன் ஓரத்தில் சக்கர நாற்காலி வந்து நிற்க ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெற்றிடம். அந்த வெற்றிடம் முக்கியம். சக்கர நாற்காலியில் வருகிறவர் தன் சிநேகிதியோடு தோளுக்குத் தோள் இருந்து பேசலாம், வழியை மறித்துக்கொண்டு எதிரே நிற்க வேண்டாம்.

வெயில், மழை, காக்கை

சூடு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மரத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் ஒரே வெயிலில் கிடந்தாலும் மரப் பலகை பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது, ஸ்டீல் சுடுகிறது. தோல் தொடர்ந்து ஒரு நிமிடம் பட்டால் வெந்துபோகும் எல்லை என்று சர்வதேசத் தர நிர்ணயங்கள் சொல்வது, உலோகத்துக்கு 51 டிகிரி செல்சியஸ், கல்லுக்கு 56, மரத்துக்கு 60. சித்திரை வெயிலில் நேரடியாக நிற்கும் இரும்பு 51-ஐத் தாண்டுவது பெரிய அதிசயமில்லை. ஆனாலும் ஸ்டீலைத்தான் போடுகிறோம். துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, கழுவ எளிது, பளபளப்பாகத் திறப்பு விழாப் படத்துக்கும் நன்றாக இருக்கும். அந்தப் படம் காலை ஒன்பது மணிக்கு எடுப்பது.

நிழல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கூரை இருப்பதாலேயே நிழல் கிடைத்துவிடாது. மேற்கு பார்த்த நிழற்குடையில் மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள், கூரையின் நிழல் பெஞ்சுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும், ஜனங்களும் பின்னால்தான் நிற்பார்கள். தகரக் கூரை மேலிருந்து வேறு அனலைக் கொட்டும். இந்த விஷயத்தில் மரத்தை எதுவும் மிஞ்சாது. புங்கை நிழலின் குளிர்ச்சி எல்லோருக்கும் தெரியும். வேம்பும் நல்லது. தென்னைக்கு அடியில் பெஞ்சு போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதைக்கும். காக்கை அடையும் மரத்தின் கீழே போட்டால் சாயங்காலம் யாரும் உட்கார முடியாது. பூங்கா அமைப்பவர்கள் ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு வந்து எந்த மரத்தில் பறவை அடைகிறது என்று பார்த்துவிட்டு இடத்தைக் குறித்தால் நன்றாக இருக்கும்.

மழைக்குச் சின்ன வேலைதான். கல் பெஞ்சானால் முன்பக்கமாக இல்லாமல் பின்பக்கமாகத் துளி சரிவு, மரமானால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் சிக்காத இடைவெளி. நம் சிமென்ட் பெஞ்சுகளில் நடுவில் ஒரு குழி இருக்கும். மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆனாலும் அதில் தண்ணீர் நிற்கும். சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருப்பார்கள்.

பார்சிலோனாவின் கூயல் பூங்காவில் கட்டடக் கலைஞர் கௌடி, தன் சகா ஜுஜோலுடன் சேர்ந்து பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் ஒரு நீளமான பெஞ்சைக் கட்டினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பதித்த அதன் நிறங்களைப் படம் பிடிக்கத்தான் கூட்டம் போகிறது. எனக்குப் பிடித்தது அதன் முதுகு. இடுப்புக்குச் சற்று மேலே மெல்லப் புடைத்து முதுகைத் தாங்கும். மழை விட்டதும் சீக்கிரம் காய்ந்துவிடும். அதன் வடிவத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. ஒரு தொழிலாளியை ஈரச் சாந்தில் உட்காரவைத்து, அவர் உடம்பு பதிந்த தடத்தையே அளவாக எடுத்தார்களாம். கதை உண்மையோ இல்லையோ, அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நம்பும்படி இருக்கிறது.

சுமைதாங்கியும் திண்ணையும்

உடம்பையே அளவாக எடுத்துச் செய்த ஒன்று நம்மிடமும் இருந்தது. பழைய சாலைகளில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்களே, சுமைதாங்கி. அதன் உயரத்தைப் பாருங்கள். தலையில் மூட்டையோடு வருகிறவர் குனியாமல், யாரையும் கைத்தாங்கலுக்குக் கூப்பிடாமல், அப்படியே சுமையை அதன்மேல் நகர்த்திவிடலாம். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, மறுபடியும் தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். சுமக்கிறவரின் உடம்பைத் தவிர வேறெதையும் அளந்து வைத்த கல் இல்லை அது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமை, வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கும்போது இறங்கும் என்று நம்பினார்கள். கீரைக்கார அம்மாவின் கூடையைத் தரையிலிருந்து குனிந்து எடுக்க வேண்டியிராவிட்டால் அன்றைக்கு பஸ் கிடைத்திருக்கும். நிழற்குடையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கூடை வைக்கும் கல், ஏன் முடியாது?

திண்ணையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஒரு பக்கம் தலை வைத்துக்கொள்ளச் சரிவாகக் கட்டிய மேடு, வழவழப்பான குளிர்ந்த தரை, நீண்டு இறங்கிய ஓட்டுக்கூரை, தெருவைப் பார்த்த முகம். வழிப்போக்கருக்கென்றே வீட்டின் ஒரு பகுதியை வெளியே வைத்த பெருமை அது. ஆனால் அது எல்லாருக்கும் திறந்திருந்தது என்று எழுதினால் பொய். யார் திண்ணையில் ஏறலாம், யார் தெருவிலேயே நின்று பேச வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. டீக்கடை பெஞ்சிலும் அந்தக் கணக்கு நெடுங்காலம் இருந்தது. அரச மரத்து மேடை ஆண்களுக்கு, பெண்கள் வீட்டு வாசற்படியில். அதனால்தான் பஸ் நிறுத்தத்து பெஞ்சை நான் இவ்வளவு மதிக்கிறேன். அதற்குச் சொந்தக்காரர் கிடையாது, யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதை வழுக்கும் குழாயாக ஆக்கும்போது, இந்த ஊரில் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்த ஓர் இடத்தை எடுத்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை 2021-ல் சட்டமானது. கேரளம் அதை 2018-லேயே செய்திருந்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பது கால் வீங்கியவர்களுக்குத் தெரியும். அதே 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் வந்தது. கடைக்குள் உட்காரச் சட்டம் இருக்கிறது, பஸ்ஸில் ஏறக் காசு வேண்டாம். நடுவில் இரவு ஒன்பதரை மணிக்கு அந்தப் பெண் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த முக்கால் மணி நேரத்தில் பெஞ்சின் வசதியைவிட வெளிச்சம் பெரிது. பல நிழற்குடைகளில் ராத்திரி பளிச்சென்று எரிவது விளம்பரப் பலகை. அதன் வெளிச்சம் ரோட்டைப் பார்த்து அடிக்கிறது, உட்கார்ந்திருப்பவர் முகம் இருட்டில். ரோட்டில் போகிறவர்கள் அவரைப் பார்க்க முடியாது. பின்பக்கம் முழுக்கப் பலகை மறைப்பதால் நடைபாதையில் வருகிறவர் யாரென்று அவராலும் பார்க்க முடியாது. இன்னொன்று, நம் ஊரில் நிறுத்தத்தில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தால் பஸ் வலது பக்கத்திலிருந்துதான் வரும். அந்த வலது பக்கத்தையே ஆளுயரப் பலகை வைத்து அடைத்திருப்பார்கள். பஸ் வருவது தெரியாது. ஆகவே எல்லோரும் எழுந்து ரோட்டில் இறங்கி நிற்கிறார்கள், வண்டிகள் அவர்களை உரசிக்கொண்டு போகின்றன. ஜனங்களுக்கு ஒழுங்கு இல்லை என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரியும்.

நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் 1970-களில் பெரிய கட்டடங்களின் முன்னால் இருந்த திறந்த வெளிகளைக் கேமரா வைத்து மாதக்கணக்கில் கவனித்தார். சில இடங்களில் கூட்டம், சில இடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அழகு, வடிவம், பரப்பளவு எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்த பிறகு அவர் வந்து சேர்ந்த இடம் மிக எளிமையானது: உட்கார எங்கே இடம் இருக்கிறதோ அங்கே ஜனங்கள் உட்காருகிறார்கள். அதை வைத்து 1975-ல் அந்த நகரம் தன் கட்டட விதியையே மாற்றியது. திறந்த வெளியில் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீளம் இருக்கை. அவர் கவனித்ததில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் ஜனங்கள் உட்காருவதற்கு முன் அதைக் கொஞ்சமாவது நகர்த்துகிறார்கள். வெயிலுக்காக, நிழலுக்காக, சில சமயம் காரணமே இல்லாமல். சாயங்காலம் நம் தெருவில் வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, பிறகு ஒரு சாண் தள்ளிப் போட்டு உட்காரும் பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

சென்னையில் நல்லதும் நடந்திருக்கிறது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகத்தில் பையை வைத்துவிட்டு ஜனங்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். மெரினா மணலில் சக்கர நாற்காலி போக 2022 நவம்பரில் மரப்பாதை வந்தது, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது, பிறகு சரிசெய்யப்பட்டது. அப்படிச் சரிசெய்ததுதான் எனக்குத் திறப்பு விழாவைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நம் பெஞ்சுகளில் "உபயம்" என்று பெயர் பொறித்திருப்போம், போல்ட் கழன்றால் யாரிடம் சொல்வது என்று பொறித்திருக்க மாட்டோம். கான்கிரீட் பெயர்ந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் பெஞ்சு வருஷக்கணக்கில் அப்படியே இருக்கிறது.

என் நிறுத்தத்துக்கு இப்போது புது இருக்கை வந்திருக்கிறது. யாரும் டெண்டர் விடவில்லை. நிழற்குடைக்குப் பத்தடி தள்ளி, ஒரு புங்கை மரத்தை ஒட்டி, யாரோ இரண்டு ஹாலோ பிளாக்கை நிறுத்தி அதன்மேல் ஒரு கடப்பா கல்லைப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆடாமல் இருக்க ஓட்டுச் சில்லை அடியில் செருகியிருக்கிறார்கள். அது சரியில்லை, ஒரு குழந்தை ஏறிக் குதித்தால் கல் சரியும். ஆனால் டேப்பை வைத்து அளந்தேன். உயரம் 43 சென்டிமீட்டர். பிளாக்குகள் இரண்டு ஓரத்திலும் இருப்பதால் நடுவில் குதிகால் பின்னால் போக இடம் இருக்கிறது. மதியம் முழுக்க நிழல். வலது பக்கம் திறந்திருப்பதால் பஸ் திருப்பத்தில் வரும்போதே தெரிகிறது.

நேற்று அந்த அம்மா அதில்தான் உட்கார்ந்திருந்தார். கூடை பக்கத்தில், கல்லின்மேலேயே இருந்தது. பஸ் திரும்பியதும் அவசரப்படவில்லை. காலைப் பின்னால் இழுத்தார், இடது கையைப் புங்கை மரத்தில் ஊன்றினார், எழுந்தார். குனியாமல் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறினார். அவர் கை ஊன்றும் இடத்தில் மரப்பட்டை வழவழப்பாகியிருக்கிறது.